ஏஐ ஏஜென்ட்டுக்கான டேபிள் முன்னோட்ட டூல்: விளக்கத்தில் எதை எழுதுவது, எங்கே எழுதுவது

கேள்வி சுருக்கமாக இது: டேட்டாபேஸ் டேபிளிலிருந்து சில பதிவுகளை எடுத்துக் காட்டும் டூல் ஒன்றை எழுதி, டூல்களை அழைத்து வேலை செய்யும் ஏஐ ஏஜென்ட்டிடம் கொடுத்திருக்கிறார்கள். விளக்கம் என்று இருப்பது "டேபிளின் முன்னோட்டத்தைக் காட்டும்" என்ற ஒரே வரி. ஏஜென்ட் பத்துப் பதிவுகளைப் பார்த்துவிட்டு மொத்த டேபிளைப் பற்றியும் தீர்ப்புச் சொல்கிறது. இல்லாத டேபிள் பெயரை ஊகித்து அழைக்கிறது. பிழை வந்தால் அதே அழைப்பை மறுபடி மறுபடி செய்கிறது. இந்த டூலை எப்படி ஆவணப்படுத்துவது?

ஏஜென்ட் உங்கள் கோடைப் படிப்பதில்லை. டூலின் பெயர், விளக்கம், பாராமீட்டர்களின் ஸ்கீமா (அழைக்கும்போது தரும் உள்ளீடுகளின் வடிவ வரையறை), அழைத்தபின் திரும்பும் விடை ஆகிய நான்கு மட்டுமே அதன் பார்வைக்கு வருகின்றன. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட, ஏஐ-யை டூல்களோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில் எழுதினாலும், வேறு ஏபிஐ-யின் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் இடைமுகம்) ஃபங்ஷன் காலிங் என்ற டூல் அழைக்கும் முறையில் எழுதினாலும் இதுதான் நிலை. ஆகவே ஏஜென்ட்டைப் பொறுத்தவரை இந்த நான்குதான் ஆவணம். குழுவின் விக்கியில் பத்துப் பக்கம் எழுதி வைத்திருந்தாலும் அது மனிதர்களுக்கு மட்டுமே உதவும்.

பொதுவாக எல்லோரும் டூல் என்ன செய்யும் என்பதைத்தான் எழுதுகிறார்கள். முன்னோட்ட டூலுக்கு அது போதவே போதாது. பத்துப் பதிவுகளைப் பார்த்தால் டேபிளின் வடிவம் தெரியும்: என்னென்ன புலங்கள் (நெடுவரிசைகள்), தேதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது, நிலை என்ற புலத்தில் எண் இருக்கிறதா சொல் இருக்கிறதா. எத்தனை பதிவுகள், அதிகபட்சம் எவ்வளவு, குறிப்பிட்ட மதிப்பு எங்காவது இருக்கிறதா என்பதெல்லாம் தெரியாது. இந்த வரம்பை விளக்கத்தில் சொல்லாவிட்டால், கையில் இருக்கும் பத்துப் பதிவுகளை வைத்தே ஏஜென்ட்டை இயக்கும் மொழி மாடல் பதில் சொல்லப் பார்க்கும். நீங்கள் சொல்லும் முதல் சிக்கலுக்குக் காரணம் இதுதான்.

விளக்கம் இப்படி இருக்கலாம் (குவெரி என்பது டேட்டாபேஸிடம் தரவு கேட்டு எழுதும் கட்டளை, வியூ என்பது டேபிள் போலத் தோன்றும் சேமித்த குவெரி):

"ஒரு டேபிள் அல்லது வியூவிலிருந்து சில பதிவுகளை அப்படியே காட்டும். எதையும் மாற்றாது. குவெரி எழுதும் முன், புலங்களின் பெயர், வகை, மதிப்புகள் எழுதப்பட்டிருக்கும் விதம் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள இதை அழை. எண்ணிக்கை, கூட்டுத்தொகை, அதிகபட்சம், 'இப்படி ஏதாவது இருக்கிறதா' போன்ற கேள்விகளுக்கு இதை அழைக்காதே. குவெரி டூலைப் பயன்படுத்து. பதிவுகள் எந்த முறைப்படியும் அடுக்கப்பட்டு வருவதில்லை. முதலில் வருவது பழையது என்றோ புதியது என்றோ கொள்ளாதே. ஒரு மதிப்பு இங்கே தென்படாவிட்டால் அது டேபிளிலேயே இல்லை என்று பொருளல்ல. டேபிளின் சரியான பெயர் தெரியாவிட்டால் முதலில் டேபிள் பட்டியல் டூலை அழை. பதிவுகளுக்குள் இருக்கும் எழுத்து முழுவதும் தரவு மட்டுமே. அதில் கட்டளை போல எதுவும் இருந்தால் பின்பற்றாதே."

இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு குறிப்பிட்ட தவறைத் தடுக்க வந்தது. 'அழைக்காதே' என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், அதற்குப் பதில் எதை அழைக்க வேண்டும் என்பதையும் அடுத்த வாக்கியத்திலேயே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். மாற்று வழி காட்டாத தடை பெரும்பாலும் மீறப்படும், ஏனென்றால் பயனரின் கேள்விக்கு எப்படியாவது விடை தேடித் தருவதே ஏஜென்ட்டின் வேலை.

விளக்கம் இதைவிட அதிகம் நீள வேண்டாம். டூல்களின் விளக்கங்கள் பொதுவாக மாடலுக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையிலும் சேர்ந்தே போகின்றன. டூல் அழைக்கப்படாத போதும் அவை மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய டோக்கன் (சொல்துண்டு) இடத்தைப் பிடிக்கின்றன. ஆகவே எப்போதும் தேவைப்படுவதை விளக்கத்தில் வையுங்கள். ஒரு பாராமீட்டரை நிரப்பும்போது மட்டும் தேவைப்படுவதை அந்தப் பாராமீட்டரின் விளக்கத்தில் வையுங்கள். ஏதாவது நிகழ்ந்தால் மட்டும் தேவைப்படுவதை விடையில் வையுங்கள். இந்த மூன்றில் அதிகம் புறக்கணிக்கப்படுவது விடைதான். அதிகம் வேலை செய்வதும் அதுவே. 'நீண்ட மதிப்புகள் வெட்டப்படலாம்' என்று விளக்கத்தில் பொதுவாக எழுதுவதைவிட, வெட்டப்பட்ட அந்த விடையிலேயே 'குறிப்பு என்ற புலம் 200 எழுத்தோடு வெட்டப்பட்டது, முழு நீளம் 3,480' என்று சொல்வது பல மடங்கு பயன் தரும்.

பாராமீட்டர்கள்

டேபிள் பெயர், ஸ்கீமா பெயர் (டேட்டாபேஸுக்குள் டேபிள்களைத் தொகுக்கும் பிரிவின் பெயர்), வேண்டிய புலங்களின் பட்டியல், பதிவுகளின் எண்ணிக்கை ஆகிய நான்கு போதும். வடிகட்டும் நிபந்தனையை எழுத்தாக வாங்கும் பாராமீட்டரைச் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. அதைச் சேர்த்தவுடன் முன்னோட்ட டூல் அரைகுறைக் குவெரி டூலாக மாறிவிடுகிறது. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கும் வழி திறக்கிறது, அதாவது டேட்டாபேஸின் குவெரி மொழியான எஸ்க்யூஎல்-லில் எழுதிய தீய கட்டளையை ஒருவர் உள்ளே நுழைக்க முடியும்.

டேபிள் பெயரில் கவனம் அதிகம் தேவை. குவெரியில் மதிப்புகளை பைண்ட் பாராமீட்டராக, அதாவது குவெரியின் எழுத்தோடு கலக்காமல் தனியாக, அனுப்பலாம். டேபிள் பெயரையோ புலத்தின் பெயரையோ அப்படி அனுப்ப முடியாது. எனவே டூல் அந்தப் பெயரை டேட்டாபேஸின் கேட்டலாகில் (டேபிள்களைப் பற்றிய உள் பட்டியலில்) சரிபார்த்து, மேற்கோள் குறிக்குள் வைத்துத்தான் குவெரியில் சேர்க்க வேண்டும். இது கோடின் வேலை என்றாலும் ஆவணத்தையும் தொடுகிறது. மேற்கோள் இல்லாத பெயரை போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் ஆங்கிலச் சிற்றெழுத்தாக மாற்றிக்கொள்ளும். ஆரக்கிளும் ஸ்னோஃப்ளேக்கும் பேரெழுத்தாக மாற்றிக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்-லில் டேபிள் பெயரின் எழுத்து வேறுபாடு செட்டிங்கையும் இயங்குதளத்தையும் பொறுத்தது. இந்தக் குழப்பம் மாடலுக்கு அரைகுறையாகத் தெரியும் என்பதால், அது தானே மேற்கோள் குறி சேர்த்து அனுப்பும், நீங்களும் சேர்ப்பீர்கள், டேபிள் கிடைக்காது. ஆகவே எழுதுங்கள்: "பட்டியல் டூல் தந்த பெயரை எழுத்து மாறாமல் கொடு. மேற்கோள் குறியோ, ஸ்கீமா பெயரோ, புள்ளியோ சேர்க்காதே. ஸ்கீமாவுக்குத் தனிப் பாராமீட்டர் இருக்கிறது."

எண்ணிக்கைப் பாராமீட்டரில் மூன்று எண்களும் இருக்க வேண்டும்: குறைந்தது 1, அதிகம் 50, சொல்லாவிட்டால் 10. வரம்பை மீறினால் என்ன நடக்கும் என்பதும் வேண்டும். 500 கேட்டால் பிழை தருவதைவிட, 50 தந்துவிட்டு 'கேட்டது 500, வரம்பு 50' என்று விடையில் குறிப்பிடுவது நல்லது. ஏஜென்ட் மறுபடி அழைக்க வேண்டிய ஒரு சுற்று மிச்சமாகும். ஆனால் பாராமீட்டர் ஸ்கீமாவிலேயே அதிகபட்சம் 50 என்று பூட்டியிருந்தால் பல கிளையன்ட்களில் (மாடலை டூலோடு இணைக்கும் நிரல்களில்) அழைப்பு டூலை எட்டும் முன்பே நிராகரிக்கப்படும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்து அதன்படி எழுதுங்கள்.

இல்லாத புலத்தைக் கேட்டால் அதை அமைதியாக விட்டுவிடாதீர்கள். பிழை தந்து, இருக்கும் புலங்களின் பட்டியலையும் கொடுங்கள்.

பதிவுகள் வரும் முறை

'முதல் 10 பதிவுகள்' என்று விளக்கத்தில் எழுதாதீர்கள். வரிசையைச் சொல்லும் ஆர்டர் பை இல்லாமல், எண்ணிக்கையைச் சொல்லும் லிமிட் மட்டும் போட்டால் எந்தப் பத்து வரும் என்பதற்கு எஸ்க்யூஎல்-லில் உத்தரவாதம் கிடையாது. போஸ்ட்கிரஸில் பெரும்பாலும் வட்டில் இருக்கும் வரிசையில் வரும். ஆனால் ஒரு பதிவு அப்டேட் ஆனால் அதன் புதிய பிரதி வேறிடத்துக்குப் போகலாம். பெரிய டேபிளை இன்னொருவர் அதே நேரத்தில் ஸ்கேன் செய்துகொண்டிருந்தால் (முழுதாகப் படித்துக்கொண்டிருந்தால்), உங்கள் ஸ்கேன் டேபிளின் நடுவிலிருந்து தொடங்கவும் கூடும். ஒரே டேபிளின் ஸ்கேன்களைச் சேர்ந்து ஓடவைக்கும் ஒத்திசைந்த ஸ்கேன் வசதி இயல்பாகவே இயக்கத்தில் இருப்பதுதான் காரணம். அதனால் ஒரே அழைப்பு இரண்டு முறை வெவ்வேறு பதிவுகளைத் தரலாம். இதைச் சொல்லாவிட்டால், இரண்டாவது முறை வேறு பதிவுகள் வந்ததைப் பார்த்து 'தரவு மாறிவிட்டது' என்று ஏஜென்ட் அறிக்கை எழுதும்.

பிரைமரி கீ-யின்படி (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலம்) அடுக்கித் தருவது, விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ் இருப்பதால் மலிவானது. விடையும் நிலையாக இருக்கும். அப்படிச் செய்தால் அதையும் எழுதுங்கள். பிரைமரி கீ-யை இறங்கு வரிசையில் எடுத்து 'சமீபத்தியவை' என்று பெயர் வைப்பதில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தானாக ஏறும் எண்ணாக இருந்தால் ஓரளவு சரி. யூயூஐடி என்ற நீண்ட அடையாள எண்ணின் நான்காம் பதிப்பாக இருந்தால் அது தற்செயல் எண். காலத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை.

தற்செயல் மாதிரி தர விரும்பினால் போஸ்ட்கிரஸ் 9.5 முதல் டேபிள்சாம்பிள் என்ற கட்டளைப் பகுதி இருக்கிறது. அதன் சிஸ்டம் முறை முழு பிளாக்குகளாக (வட்டில் உள்ள சேமிப்புப் பகுதிகளாக) எடுக்கும். வேகமானது, ஆனால் பக்கத்துப் பக்கத்துப் பதிவுகள் சேர்ந்தே வரும், சிறிய டேபிளில் ஒன்றுமே வராமலும் போகும். பெர்னூலி முறை பதிவு பதிவாகத் தேர்ந்தெடுக்கும். அதற்காக முழு டேபிளையும் படிக்கும். இரண்டும் சாதாரண வியூக்களில் இயங்காது. எந்த முறையை எடுத்தாலும் அதன் பக்கவிளைவை ஒரு வரியில் சொல்லுங்கள்.

விடையின் வடிவம்

விடையில் இருக்க வேண்டியவை: புலங்களின் பெயரும் வகையும், பதிவுகள், எத்தனை பதிவுகள் தரப்பட்டன, மொத்தம் ஏறத்தாழ எத்தனை, எவை வெட்டப்பட்டன, எவை மறைக்கப்பட்டன. கடைசி மூன்றும் இல்லாத முன்னோட்டம் ஏஜென்ட்டைத் தவறான பாதைக்கு அனுப்பும்.

மொத்த எண்ணிக்கைக்காக ஒவ்வொரு முறையும் டேபிளை எண்ணாதீர்கள். பெரிய டேபிளில் போஸ்ட்கிரஸ் அதற்கு டேபிளையோ இன்டெக்ஸையோ முழுதாக ஸ்கேன் செய்ய வேண்டும். கேட்டலாகில் மதிப்பீடு இருக்கிறது, அது போதும். ஆனால் விடையில் அந்த விவரத்தின் பெயரே 'மதிப்பீடு' என்று இருக்கட்டும். 'மொத்தம்' என்று பெயரிட்டால் ஏஜென்ட் அதைச் சரியான எண்ணாக எடுத்துப் பயனரிடம் சொல்லிவிடும். கீழே போட்ட அடிக்குறிப்பு அதைத் தடுக்காது. போஸ்ட்கிரஸ் 14 முதல், ஒருமுறைகூட வாக்யூமோ அனலைஸோ (சுத்தப்படுத்தும் பராமரிப்பு, புள்ளிவிவரக் கணக்கெடுப்பு) செய்யப்படாத டேபிளுக்கு இந்த மதிப்பீடு -1 என்று இருக்கும். அதை அப்படியே அனுப்பாமல் 'தெரியவில்லை' என்று மாற்றுங்கள்.

வெட்டுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 60 புலங்கள், 10 பதிவுகள், ஒரு மதிப்புக்கு 200 எழுத்து வரம்பு என்றால்கூட மோசமான நிலையில் 1,20,000 எழுத்துகள் வரும். எனவே ஒரு மதிப்புக்கு ஒரு வரம்பு, மொத்த விடைக்கு இன்னொரு வரம்பு என இரண்டும் தேவை. வெட்டிய மதிப்பின் கடைசியில் மூன்று புள்ளிகளை ஒட்டாதீர்கள். ஏஜென்ட் அந்த மதிப்பைப் புள்ளிகளோடு சேர்த்தே அடுத்த குவெரியின் நிபந்தனையில் வைக்கும். ஒரு பதிவும் கிடைக்காது. 'அப்படி எதுவும் இல்லை' என்று முடிவு கட்டும். மதிப்போடு எதையும் ஒட்டாமல், எந்தப் பதிவின் எந்தப் புலம் வெட்டப்பட்டது, அசல் நீளம் என்ன என்பதைத் தனிப் பட்டியலாகக் கொடுங்கள். பைட் கணக்கில் வெட்டுவதும் கூடாது. தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற எழுத்துச் சேமிப்பு முறையில் 3 பைட். 'கொ' என்பது இரண்டு குறியீடுகள், 6 பைட். தப்பான இடத்தில் வெட்டினால் 'கொ' வெறும் 'க' ஆகிவிடும், அல்லது விடையை அனுப்பும் ஜேசன் என்ற தரவு வடிவம் உடைந்துவிடும்.

'நல்' மதிப்பு (மதிப்பே இல்லை என்ற குறி), வெற்று எழுத்துச்சரம், 'நல்' என்ற சொல்லே எழுத்தாகப் பதிவாகியிருப்பது ஆகிய மூன்றும் வேறு வேறு. ஜேசனில் இவை பிரிந்து தெரியும். அழகாக அச்சிட்ட டேபிள் வடிவத்தில் ஒன்றாகக் கலந்துவிடும். ஜேசனுக்கும் அதன் சிக்கல் உண்டு. 9007199254740991-ஐத் தாண்டிய முழு எண்கள் பல ஜேசன் கருவிகளில் துல்லியம் இழக்கும். கடைசி இலக்கங்கள் மாறிய ஐடி-யை வைத்துத் தேடினால் வேறு பதிவு கிடைக்கலாம், அல்லது எதுவுமே கிடைக்காது. ஆகவே பெரிய முழு எண்களையும் தசம வகையையும் எழுத்துச்சரமாக அனுப்பி, 'மேற்கோளுக்குள் வந்தாலும் புலத்தின் வகை எண்தான். குவெரியில் எண்ணாகவே எழுது' என்று விளக்குங்கள். நேரப் புலங்களுக்கு: போஸ்ட்கிரஸில் நேர மண்டலத்தோடு கூடிய வகை மண்டலத்தைச் சேமிப்பதில்லை, செஷனின் (அப்போதைய இணைப்பின்) மண்டலத்துக்கு மாற்றிக் காட்டுகிறது. செஷனை யூடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) நிறுத்திவிட்டு அதை எழுதுங்கள். மண்டலம் இல்லாத வகைக்கு 'மண்டலம் தெரியாது, ஊகிக்காதே' என்று எழுதுங்கள்.

மறைக்கப்பட்ட புலங்களைக் கட்டாயம் அடையாளப்படுத்த வேண்டும். ஃபோன் எண் புலத்தில் எல்லாப் பதிவிலும் நட்சத்திரக் குறிகளே வந்தால், 'இந்தப் புலத்தில் தரவுத் தரம் மோசம்' என்று ஏஜென்ட் எழுதும். புலப் பட்டியலிலேயே 'மறைக்கப்பட்டது' என்ற அடையாளம் இருந்தால் அது நேராது.

பதிவு ஒன்றுமே வராத விடை தனிக் கவனம் கோருகிறது. டேபிள் காலியாக இருக்கலாம். மாதிரி முறையில் எதுவும் சிக்காமல் போயிருக்கலாம். அல்லது பதிவு அளவிலான பாதுகாப்பு விதி எல்லாவற்றையும் மறைத்திருக்கலாம். போஸ்ட்கிரஸில் அந்தப் பாதுகாப்பை இயக்கிவிட்டு பாலிசி (யார் எந்தப் பதிவைப் பார்க்கலாம் என்ற விதி) எதுவும் எழுதாவிட்டால், டேபிளின் உரிமையாளர் போன்ற விலக்கு பெற்றவர்கள் தவிர மற்றவர்களுக்குப் பிழையே இல்லாமல் காலி விடைதான் வரும். கேட்டலாக் மதிப்பீடு 40 லட்சம், வந்த பதிவுகள் 0 என்றால் டூல் அதைக் கண்டுபிடித்து, 'டேபிள் காலி என்று கொள்ளாதே. பார்க்கும் அனுமதி இல்லாமல் இருக்கலாம்' என்று விடையில் சொல்ல வேண்டும்.

பிழைச்செய்திகள்

டேட்டாபேஸ் தரும் செய்தியை அப்படியே கடத்துவதுதான் ஏஜென்ட் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம். ஒவ்வொரு பிழைச்செய்தியும் என்ன நடந்தது, மறுபடி முயலலாமா, அடுத்து என்ன செய்வது என்ற மூன்றையும் சொல்ல வேண்டும்.

டேபிள் இல்லை என்றால்: "இந்த ஸ்கீமாவில் ஆர்டர் என்ற டேபிள் இல்லை. நெருங்கிய பெயர்கள்: ஆர்டர்கள், ஆர்டர் விவரம். இவற்றில் ஒன்றைக் கொடு, அல்லது பட்டியல் டூலை அழை." அனுமதி இல்லை என்றால், போஸ்ட்கிரஸில் பிழை எண் 42501: "இந்த டேபிளைப் பார்க்க அனுமதி இல்லை. மறுபடி அழைத்தாலும் இதே விடைதான். பயனரிடம் தெரிவி." நேரம் கடந்துவிட்டால், எண் 57014: "5 வினாடியில் முடியவில்லை. இது வியூ, பதிவுகளைக் குறைத்துக் கேட்டாலும் பலன் இருக்காது. அடிப்படை டேபிள்களைப் பார்." இந்தக் கடைசிச் செய்தி ஏன் என்றால், தொகுத்துக் கணக்கிடும் வியூவில் லிமிட் 10 போட்டாலும் பெரும்பாலும் முழுக் கணக்கும் நடந்த பிறகே பத்துப் பதிவுகள் வெளிவரும். இதைச் சொல்லாவிட்டால் ஏஜென்ட் 10, 5, 1 என்று குறைத்துக்கொண்டே போகும். 57014 குவெரி வேறு காரணத்தால் ரத்தானாலும் வரும் என்பதால், டூல் தன் நேர வரம்பையும் சரிபார்த்த பிறகே இந்தச் செய்தியைத் தரட்டும்.

எம்சிபி பயன்படுத்துகிறீர்கள் என்றால், இந்தப் பிழைகளை நெறிமுறை அளவிலான பிழையாக அனுப்பாமல், பிழை என்ற கொடியோடு டூலின் விடையாகவே அனுப்புங்கள். அப்போதுதான் செய்தி மாடலின் கண்ணில் படும். நெறிமுறைப் பிழை கிளையன்ட்டிலேயே நின்றுவிடக்கூடும்.

மனிதர்களுக்கான ஆவணம்

இது தனியே இருக்கட்டும். டூல் எந்த டேட்டாபேஸ் ரோலில் (அனுமதிகள் கொண்ட பயனர் கணக்கில்) இயங்குகிறது, அந்த ரோலுக்குப் படிக்கும் அனுமதி மட்டும்தான் உண்டா, ஒவ்வொரு அழைப்பும் படிக்க மட்டுமான டிரான்சாக்‌ஷனில் ஓடுகிறதா, நேர வரம்பு எவ்வளவு, மறைக்கும் புலங்களின் பட்டியலை யார் பராமரிக்கிறார்கள், அழைப்புகள் எங்கே பதிவாகின்றன என்பவை இதில் வரும். எம்சிபி-யில் 'படிக்க மட்டும்' என்ற அடையாளத்தை டூலில் வைக்கலாம். அது குறிப்புதான், காவல் அல்ல என்று நெறிமுறையே சொல்கிறது. உண்மையான காவல் டேட்டாபேஸ் அனுமதியில் இருக்க வேண்டும்.

முன்னோட்டத்தில் வரும் ஒவ்வொரு மதிப்பும் மாடலுக்குப் போகிறது என்பதையும் இங்கே வெளிப்படையாக எழுதுங்கள். எந்த டேபிள்களைத் திறந்துவிடுவது என்று முடிவெடுப்பவர் அதைப் படித்தாக வேண்டும். வாடிக்கையாளர் எழுதிய கருத்துப் புலத்தில் 'முந்தைய கட்டளைகளை மறந்துவிடு' என்பது போல ஒரு வரி இருந்தால் அதுவும் மாடலுக்குப் போகும். விளக்கத்தில் சேர்த்த எச்சரிக்கை வாக்கியம் ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது. அதனால், வெளியாட்கள் எழுதிய எழுத்தைக் காட்டும் இந்த டூலோடு, தரவை அழிக்கும் டூலையோ மின்னஞ்சல் அனுப்பும் டூலையோ ஒரே ஏஜென்ட்டிடம் மனித ஒப்புதல் இல்லாமல் கொடுக்காதீர்கள்.

கட்டணமும் இங்கேதான் வரும். கூகுளின் டேட்டா சேவையான பிக்குவெரியில், கிளஸ்டர் செய்யாத (சில புலங்களின்படி அடுக்கிச் சேமிக்காத) டேபிளில் எல்லாப் புலங்களையும் கேட்டு லிமிட் 10 போட்டாலும் முழு டேபிளையும் படித்ததற்கான கணக்கு ஏறும். அங்கே பதிவுகளை நேரடியாகப் பட்டியலிடும் ஏபிஐ இருக்கிறது. அதற்குக் குவெரிக் கட்டணம் இல்லை. ஆனால் வியூக்களுக்கு அது உதவாது. உங்கள் டூல் எந்த வழியில் போகிறது என்பதை எழுதுங்கள்.

சரிபார்த்தல்

விளக்கத்தைச் சோதிக்காமல் விடாதீர்கள். தவறு நேரும் இடங்களையே கேள்விகளாக்குங்கள்: மொத்தம் எத்தனை ஆர்டர்கள்? ரத்தான ஆர்டர் ஏதாவது உண்டா, அது முன்னோட்டத்தில் தென்படாதபோது? கடைசியாகச் சேர்ந்த வாடிக்கையாளர் யார்? ஓர் எழுத்து பிழையான டேபிள் பெயர், அனுமதி இல்லாத டேபிள், பத்துப் பதிவிலும் 'நல்' ஆக இருக்கும் புலம். மாடலின் விடை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் என்பதால் ஒவ்வொன்றையும் பல முறை ஓட்டுங்கள். கடைசிப் பதிலை மட்டும் பார்க்காமல் இடையில் நடந்த அழைப்புகளையும் படியுங்கள்; சரியான பதில் தவறான வழியில் வந்திருக்கலாம். விளக்கத்தில் ஒரு நேரத்தில் ஒரே வாக்கியத்தை மாற்றி மறுபடி ஓட்டினால்தான் எது பலன் தந்தது என்று தெரியும்.

விளக்கத்தில் வரும் 10, 50, 200 எழுத்து, 5 வினாடி போன்ற எண்களைக் கையால் தட்டச்சு செய்யாதீர்கள். கோடில் இருக்கும் அதே மாறிலியிலிருந்து விளக்க வாக்கியத்தை உருவாக்குங்கள். யாராவது வரம்பை 50-லிருந்து 20 ஆக்கினால் விளக்கமும் அதே நொடியில் மாறிவிடும். மாறாவிட்டால், இல்லாத வரம்பை நம்பி ஏஜென்ட் 50 கேட்டு, 20 பெற்று, டேபிளில் இருப்பதே 20 பதிவுகள் என்று முடிவு செய்துவிடும்.